கோட்பாட்டு இயற்பியல் ஆய்வுக்குக் கணினி வசதி: பல்கலைக்கழக மாணவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

புதிதாக பிஎச்டி சேரும் மாணவர்கள் முதல் வாரத்திலேயே கேட்கும் கேள்வி இது: "சூப்பர் கம்ப்யூட்டரில் எனக்கு அக்கவுண்ட் கிடைக்குமா சார்?" நான் திருப்பிக் கேட்பதும் எப்போதும் ஒன்றுதான். "உங்கள் கணக்கின் அணி (மேட்ரிக்ஸ்) எவ்வளவு பெரியது?" பெரும்பாலும் பதில் வராது. அந்தப் பதில் கையில் இல்லாமல் எந்த இயந்திரத்தின் கதவைத் தட்டினாலும் பயனில்லை. எனவே இந்த வழிகாட்டியைக் கணினியிலிருந்து தொடங்காமல் ஒரு தாளும் பேனாவும் வைத்துத் தொடங்குகிறேன்.

முதல் படி: தாளில் கணக்குப் போடுங்கள்

ஓர் உண்மையான கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஹைசன்பர்க் ஸ்பின் சங்கிலி, அதாவது பக்கத்தில் உள்ளவற்றோடு இணைந்த நுண்காந்தங்களின் (ஸ்பின்களின்) மாதிரி. வளையமாக மூடிய 20 ஸ்பின்கள், ஒவ்வொன்றும் மேல் அல்லது கீழ். அதன் ஆற்றல் மட்டங்கள் எல்லாம் வேண்டும். நிலைகளின் எண்ணிக்கை 2-இன் 20-ஆம் அடுக்கு, அதாவது 10,48,576. அணியில் நிலைக்கு ஒரு வரிசை, நிலைக்கு ஒரு நெடுவரிசை. ஓர் எண்ணுக்கு இரட்டைத் துல்லியத்தில் (ஏறத்தாழ 16 இலக்கம் வரை சரியாக) 8 பைட். முழு அணியையும் நினைவகத்தில் வைத்தால் ஏறத்தாழ 8.8 டிபி ஆகிவிடும். இந்த இடத்தில்தான் பலர் பயந்துபோய் சூப்பர் கம்ப்யூட்டரைத் தேடி ஓடுகிறார்கள்.

கொஞ்சம் பொறுங்கள். இந்த மாதிரியில் மேல்நோக்கிய ஸ்பின்களின் மொத்த எண்ணிக்கை மாறாது. பத்து மேல், பத்து கீழ் என்ற பகுதியை மட்டும் எடுத்தால் நிலைகள் 1,84,756. அணி 273 ஜிபிக்கு இறங்கிவிட்டது. அடுத்தது, வளையத்தை ஓர் இடம் சுழற்றினாலும் கணக்கு அப்படியே இருக்கும். அந்தச் சமச்சீரையும் பயன்படுத்தினால் அந்தப் பகுதி மேலும் இருபதாகப் பிரியும். ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 9,250 நிலைகள். இங்கே கலப்பெண்கள் வருவதால் ஓர் எண்ணுக்கு 16 பைட் வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் ஓர் அணி 1.4 ஜிபிக்குள் அடங்கிவிடும்.

8.8 டிபியில் தொடங்கி 1.4 ஜிபிக்கு வந்திருக்கிறோம். ஒரு ரூபாய் செலவில்லை, ஒரு விண்ணப்பமும் எழுதவில்லை. உங்கள் மேசையில் இருக்கும் லேப்டாப் போதும்.

எல்லா மட்டங்களும் வேண்டாம், மிகக் குறைந்த ஆற்றல் நிலை மட்டும் போதும் என்றால் கதையே வேறு. லான்சோஸ் முறையில் அணியைச் சேமிக்கவே தேவையில்லை, சில திசையன்கள் (நிலைக்கு ஓர் எண் கொண்ட பட்டியல்கள்) இருந்தால் போதும். 32 ஸ்பின்களுக்கு, பாதி மேல் பாதி கீழ் பகுதியில், ஒரு திசையனில் ஏறத்தாழ 60 கோடி எண்கள். அது 4.8 ஜிபி. சமச்சீரை ஒழுங்காகப் பயன்படுத்தினால் இன்னும் குறையும். 36 ஸ்பின்கள் என்றால் 907 கோடி எண்கள், ஒரு திசையனுக்கே 73 ஜிபி. சரி, இப்போதுதான் பெரிய நினைவகம் கொண்ட நோடு, அதாவது கிளஸ்டர் என்னும் கணினித் தொகுப்பில் உள்ள ஒரு கணினி, தேவைப்படுகிறது. எந்த இடத்தில் லேப்டாப் முடிந்து கிளஸ்டர் தொடங்குகிறது என்பது இப்போது உங்களுக்கே தெரியும்.

நேரத்துக்கும் இதே கணக்கைப் போடுங்கள். முழு அணியின் ஐகன் மதிப்புகளை, அதாவது நாம் தேடும் ஆற்றல் மட்டங்களை, காண ஆகும் நேரம் அணியின் அளவின் மூன்றாம் அடுக்கில் ஏறும். சங்கிலியில் இரண்டு ஸ்பின் கூட்டினால் நினைவகம் 16 மடங்கு, நேரம் 64 மடங்கு. "இன்னும் இரண்டு ஸ்பின் சேர்த்துப் பாருங்களேன்" என்று கைடு சாதாரணமாகச் சொல்லும்போது இந்த 64-ஐ அவரிடம் மரியாதையாக எடுத்துச் சொல்வது உங்கள் கடமை.

ஹைதராபாத்தில் பிறந்த அனீசுர் ரஹ்மான் 1964-இல் அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தில் வெறும் 864 ஆர்கான் அணுக்களை வைத்துத் திரவத்தின் அசைவைக் கணக்கிட்டுக் காட்டினார். மூலக்கூறு இயக்கவியல் என்ற துறையின் அடித்தளங்களில் அது ஒன்று. அவர் பயன்படுத்திய சிடிசி 3600 இயந்திரம் இன்றைய கைபேசிக்குப் பக்கத்தில்கூட வராது. எத்தனை அணுக்கள் போதும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இரண்டாம் படி: உங்கள் கணக்கு எந்த வகை?

கோட்பாட்டு இயற்பியலில் வரும் கணக்குகள் பெரும்பாலும் நான்கு வகைக்குள் அடங்கும். சூத்திரங்களை விரித்துச் சுருக்கும் குறியீட்டுக் கணக்கு ஒன்று. ஒரே இயந்திரத்தில் ஓடும் நடுத்தரக் கணக்கு இன்னொன்று. ஒன்றோடு ஒன்று பேசத் தேவையில்லாத நூற்றுக்கணக்கான சிறு ரன்கள் மூன்றாவது. பல நோடுகள் நொடிக்கு நொடி தகவல் பரிமாறிக்கொண்டு செய்யும் ஒரே பெரிய கணக்கு நான்காவது. லாட்டிஸ் கேஜ் கோட்பாடு (வெளியையும் காலத்தையும் கட்டங்களாக்கித் துகள் விசைகளைக் கணக்கிடுவது), பெரிய அளவிலான பாய்ம இயக்கம் போன்றவை இந்த நான்காவதில் வரும். உண்மையான சூப்பர் கம்ப்யூட்டர் தேவைப்படுவது இதற்குத்தான். என் அனுபவத்தில் பல்கலைக்கழக மாணவர்களின் கணக்குகளில் பெரும்பகுதி மூன்றாவது வகை. அதற்குச் சாதாரண இயந்திரங்கள் பல இருந்தாலே போதும்.

வகை தெரிந்த பிறகும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது: இதைவிட நல்ல வழிமுறை உண்டா? காந்தத்துக்கான எளிய மாதிரியான இருபரிமாண ஈசிங் மாதிரியை எடுத்துக்கொள்ளுங்கள். காந்தத்தன்மை மறையும் மாறுநிலை வெப்பநிலைக்கு அருகே, ஒவ்வொரு ஸ்பின்னாகத் திருப்பும் மெட்ரோபோலிஸ் முறை தள்ளாடத் தொடங்கிவிடும். பக்க நீளத்தை இரட்டிப்பாக்கினால் புள்ளிகள் 4 மடங்கு. அடுத்தடுத்து வரும் ஸ்பின் அமைப்புகளில் ஒன்று முந்தையதை மறக்க ஆகும் காலமும் ஏறத்தாழ 4.5 மடங்கு. சேர்த்துப் பார்த்தால் 18 மடங்கு வேலை. 1987-இல் ஸ்வென்ட்சன், வாங் ஆகிய இருவரும், 1989-இல் வோல்ஃபும் கொண்டுவந்த, ஸ்பின்களைக் கொத்தாகத் திருப்பும் கொத்து முறைகளில் இந்தத் தள்ளாட்டம் கிட்டத்தட்ட மறைந்துவிடுகிறது. மெட்ரோபோலிஸை நூறு கோரில் (கோர் என்பது செயலியின் ஒரு கணக்கிடும் அலகு) ஓட்டுவதைவிட வோல்ஃப் முறையை ஒரே கோரில் ஓட்டுவது பல சமயம் சீக்கிரம் முடியும். ஒரு வாரம் நூலகத்தில் உட்கார்ந்து படிப்பது ஆறு மாத க்யூவை மிச்சமாக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மூன்றாம் படி: சொந்த இயந்திரத்தைத் தயார் செய்யுங்கள்

லினக்ஸ் போடுங்கள். உபுண்டுவோ டெபியனோ, எதுவானாலும் சரி. கிளஸ்டர்கள் எல்லாமே லினக்ஸ்தான் என்பதால் இங்கே பழகியது அங்கே உதவும். ஜிசிசி, ஜிஃபோர்ட்ரான் ஆகிய தொகுப்பிகள், பைத்தான், அதன் கணித நூலகங்களான நம்பை (NumPy), சைபை (SciPy) இவை போதுமான தொடக்கம். ஐகன் மதிப்பு, நேரியல் சமன்பாடு போன்றவற்றுக்கு நீங்களே நிரல் எழுதாதீர்கள். லேபேக், ஆர்பேக் நூலகங்களில் பல பத்தாண்டு உழைப்பு இருக்கிறது. நம்பையும் சைபையும் உள்ளுக்குள் அவற்றைத்தான் கூப்பிடுகின்றன. குறியீட்டுக் கணக்குக்கு மேத்தமேட்டிகா உரிமம் துறையில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் மேக்சிமா, சிம்பை ஆகியவை இலவசம். துகள் வினைகளுக்கான ஃபைன்மன் வரைபடக் கணக்குகளில் லட்சக்கணக்கான உறுப்புகள் வந்தால் வெர்மாசெரன் உருவாக்கிய ஃபார்ம் நிரலைப் பழகிக்கொள்ளுங்கள். அதன் மொழி முதலில் முரடாகத் தோன்றும், ஆனால் நினைவகத்தை மீறும் கோவைகளைக்கூட வட்டில் வைத்துச் சமாளிக்கும்.

எந்த நிரலையும் பெரிய இயந்திரத்துக்குக் கொண்டுபோகும் முன் விடை தெரிந்த ஒரு கேள்வியை அதனிடம் கேளுங்கள். ஈசிங் மாதிரிக்கு ஆன்சாகர் 1944-இல் துல்லியத் தீர்வு கொடுத்துவிட்டார். மாறுநிலை வெப்பநிலை 2.269, அங்கே ஒரு புள்ளிக்கான ஆற்றல் மைனஸ் 1.414, இரண்டும் இணைப்பு வலிமையின் அலகில். சிறிய கட்டத்தில் கொஞ்சம் விலகித்தான் வரும். கட்டம் பெரிதாகப் பெரிதாக அந்த எண்ணை நெருங்குகிறதா என்று பாருங்கள். நெருங்கவில்லை என்றால் பிழை உங்கள் நிரலில்தான். அதைக் கிளஸ்டர் சரிசெய்யாது.

நான்காம் படி: துறை கிளஸ்டரில் குடியேறுவது

பல துறைகளிலும் சிறியதோ பெரியதோ ஒரு கிளஸ்டர் இருக்கும். கைடின் கையொப்பத்தோடு விண்ணப்பம் கொடுத்தால் அக்கவுண்ட் கிடைக்கும். தொலைவிலிருந்து பாதுகாப்பாக நுழைவதற்கான எஸ்எஸ்எச் சாவி உருவாக்கி, பொதுச் சாவியை மட்டும் சிஸ்டம் அட்மினிடம் கொடுங்கள். தனிச் சாவி உங்கள் லேப்டாப்பை விட்டு வெளியே போகக் கூடாது.

உள்ளே நுழைந்தவுடன் நீங்கள் நிற்பது லாகின் நோடில். அது வாசல் திண்ணை மாதிரி, எல்லோருக்கும் பொது. நிரலைத் திருத்தலாம், தொகுக்கலாம், ஜாப் அனுப்பலாம். அங்கேயே பத்து மணி நேரக் கணக்கை ஓட்டினால் மற்றவர்களுக்குக் கட்டளை தட்டச்சுச் செய்யக்கூட முடியாமல் போகும். ஹோம் என்பது உங்கள் நிரந்தர அலமாரி, இடம் குறைவு. ஸ்கிராட்ச் என்பது பெரிய களம். வேகமானது, ஆனால் பெரும்பாலான இடங்களில் அதற்கு பேக்கப் கிடையாது, பழைய கோப்புகளைக் குறிப்பிட்ட நாட்களில் அழித்தும் விடுவார்கள். எத்தனை நாள் என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜாப்களை வரிசைப்படுத்துவது ஸ்லர்ம் அல்லது பிபிஎஸ். அதற்குக் கொடுக்கும் கோப்பில் நான்கு விஷயங்கள் முக்கியம்: எத்தனை கோர், எவ்வளவு நினைவகம், எவ்வளவு நேரம், எந்தப் பிரிவு. நேரத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். புதியவர்கள் பயத்தில் அனுமதிக்கும் உச்ச அளவையே கேட்டுவிடுவார்கள். கல்யாணப் பந்தியை நினைத்துப் பாருங்கள். பத்துப் பேர் கொண்ட குடும்பம் அடுத்த பந்திக்காக நின்றுகொண்டிருக்கும். நடுவில் இரண்டு இலை காலியாக இருந்தால் தனியாக வந்த இருவர் போய் உட்கார்ந்துவிடுவார்கள். யாருக்கும் தாமதமில்லை. ஸ்லர்மும் அப்படித்தான் இடைவெளிகளை நிரப்புகிறது. உங்கள் ஜாப் மூன்று மணி நேரத்தில் முடியும் என்று சொன்னால் பெரிய ஜாப் தொடங்கும் முன் உள்ள இடைவெளியில் உங்களை நுழைத்துவிடும். ஏழு நாள் என்று கேட்டால் அந்த வாய்ப்பு போய்விடும். சிறிய சோதனை ரன் எடுத்து, ஆன நேரத்தைப் பார்த்து, அதோடு கால் பங்கு கூட்டிக் கேளுங்கள். முடிந்த ஜாப் உண்மையில் எவ்வளவு நினைவகம் எடுத்தது என்பதை ஸ்லர்மின் எஸ்அக்ட் (sacct) கட்டளை காட்டும். அடுத்த முறை அதை வைத்துக் கேளுங்கள்.

நம்பை பயன்படுத்துபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அது தன் அணிக் கணக்குகளுக்குக் கண்ணில் படும் கோர்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளப் பார்க்கும். 16 கோர் உள்ள நோடில் 16 ஜாப் விட்டால், ஒவ்வொன்றும் 16 இழைகளை (த்ரெட், ஒரே நேரத்தில் ஓடும் வேலைத் துண்டுகள்) கிளப்பி 256 இழைகள் முட்டி மோதும் நிலை வரலாம். எல்லாமே நத்தை வேகத்துக்கு வந்துவிடும். ஜாப் கோப்பிலேயே ஓஎம்பி நம் த்ரெட்ஸ் (OMP_NUM_THREADS) என்ற சூழல் மாறியை 1 என்று வைத்துவிடுங்கள்.

நூற்றுக்கணக்கான சிறு ரன்களுக்கு ஜாப் அரே என்ற வசதி இருக்கிறது. ஒரே கோப்பு, 1 முதல் 200 வரை எண்கள், ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு வெப்பநிலையோ ஓர் இணைப்பு வலிமையோ. இதில் எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். ஆய்வு மாணவனாக இருந்தபோது 64 மாண்டி கார்லோ ரன்களை (ரேண்டம் எண்களை வைத்துச் செய்யும் கணக்குகளை) ஒரே நேரத்தில் அனுப்பினேன். ரேண்டம் எண்களுக்கான சீட்டை (seed, அந்த எண் வரிசையைத் தொடங்கிவைக்கும் எண்) கணினிக் கடிகாரத்தின் நொடியிலிருந்து எடுக்கும்படி நிரல் எழுதியிருந்தேன். முடிவுகள் அற்புதமாக வந்தன, பிழைப் பட்டைகள் கண்ணுக்கே தெரியவில்லை. கைடிடம் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு ஒத்துப்போகக் கூடாதே" என்றார். அறைக்கு வந்து இரண்டு வெளியீட்டுக் கோப்புகளை ஒப்பிட்டேன். கடைசி தசமம் வரை ஒன்றே. ஜாப்கள் எல்லாம் இரண்டு மூன்று நொடிக்குள் கிளம்பியதால் 64 ரன்களில் உண்மையில் வேறுபட்டவை மூன்றே. இரண்டு வாரக் கணினி நேரம் வீண். அன்றிலிருந்து சீட்டை அரே எண்ணிலிருந்தே உருவாக்குகிறேன், அதை வெளியீட்டுக் கோப்பின் முதல் வரியில் எழுதியும் வைக்கிறேன். நம்பையில் இதற்கென்றே சீட் சீக்வென்ஸ் என்ற வசதி உண்டு, அதைப் பயன்படுத்துங்கள்.

மின்வெட்டு, ஏசி பழுது, நேர வரம்பு என்று ஜாப் பாதியில் நிற்க ஆயிரம் காரணம் உண்டு. மணிக்கு ஒரு முறை நிலையைச் சேமியுங்கள். ஸ்பின்களை மட்டும் சேமித்தால் போதாது, ரேண்டம் எண் உருவாக்கியின் நிலையையும் சேர்த்துச் சேமிக்க வேண்டும். பழைய கோப்பின் மேலேயே எழுதாதீர்கள். தற்காலிகப் பெயரில் முழுதாக எழுதி முடித்துவிட்டுப் பெயர் மாற்றுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனாலும் முந்தைய நிலை கையில் இருக்கும்.

ஐந்தாம் படி: பெரிய இயந்திரம் உண்மையிலேயே வேண்டுமா?

மறுபடியும் தாள். 12 வெப்பநிலை, 5 கட்ட அளவு, ஒவ்வொன்றுக்கும் 20 தனித்தனி ரன்கள் என்றால் 1,200 ரன். ஒரு ரன்னுக்கு ஒரு கோரில் 6 மணி நேரம் என்று வைத்தால் 7,200 கோர் மணி. 64 கோர் கொண்ட ஒரே சர்வரில் ஐந்து நாளுக்குள் முடிந்துவிடும். இதற்குப் போய் தேசிய வசதிக்கு விண்ணப்பிக்க வேண்டியதில்லை. லட்சக்கணக்கான கோர் மணியோ, ஒரு நோடில் அடங்காத நினைவகமோ வந்தால் விண்ணப்பியுங்கள்.

நம் நாட்டில் அதற்கான வழி இப்போது முன்பைவிட நன்றாகவே இருக்கிறது. 2015-இல் 4,500 கோடி ரூபாய் மதிப்பில் தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் அதைச் செயல்படுத்தும் பொறுப்பை ஏற்றன. 2019-இல் வாரணாசி ஐஐடியில் பரம் சிவாய் வந்தது. 2022-இல் இந்திய அறிவியல் கழகத்தில் 3.3 பெட்டாஃப்ளாப்ஸ் (ஒரு பெட்டாஃப்ளாப்ஸ் என்பது நொடிக்கு ஆயிரம் லட்சம் கோடி கணக்குகள், ஆயிரம் டெராஃப்ளாப்ஸ்) திறனுள்ள பரம் பிரவேகாவும், அதே ஆண்டு மே மாதம் திருச்சி என்ஐடியில் 838 டெராஃப்ளாப்ஸ் திறனுள்ள பரம் பொருளும் வந்தன. இந்த இயந்திரங்களில் வெளி நிறுவன ஆய்வாளர்களுக்கும் நேரம் ஒதுக்குவதுண்டு. விதிகளும் கட்டணமும் இடத்துக்கு இடம் மாறும், அந்தந்த நிறுவனத்தின் கணினி மையத்தில் கேட்பதே சரி.

சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தையும் இங்கே சொல்லாமல் போக முடியாது. 2004-இல் அங்கிருந்த இயற்பியலாளர்கள் லாட்டிஸ் கேஜ் கணக்குகளுக்காக இன்டெல் ஜியான் சர்வர்களை அதிவேக வலையால் பிணைத்து கப்ரு என்ற கிளஸ்டரை அமைத்தார்கள். ஓர் இமயச் சிகரத்தின் பெயர் அது. உலகின் முதல் 500 கணினிகள் பட்டியலிலும் இடம்பெற்றது. கோட்பாட்டாளர்களே தங்கள் கணக்குக்கு ஏற்ற இயந்திரத்தைத் தீர்மானித்தார்கள் என்பது இன்றைக்கும் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

விண்ணப்பத்தில் ஆய்வு நோக்கத்தை விட மதிப்பீட்டாளர் கூர்ந்து பார்ப்பது வேக வரைபடத்தை. 1, 2, 4, 8, 16, 32, 64 கோர்களில் ஒரே கணக்கை ஓட்டி, ஆன நேரத்தை வரைந்து காட்டுங்கள். 1967-இல் கணினி வடிவமைப்பாளர் ஆம்டால் சொன்னது இங்கேதான் உதைக்கும். நிரலில் 5 விழுக்காடு மட்டும் பிரிக்க முடியாத பகுதி என்றாலும், 16 கோரில் 9 மடங்கு வேகம்தான் கிடைக்கும். 64 கோரில் 15 மடங்கு. எத்தனை ஆயிரம் கோர் கொடுத்தாலும் 20-ஐத் தாண்டாது. உங்கள் வரைபடம் 32-இல் படுத்துவிட்டால் 32 கோரே கேளுங்கள். 512 கேட்டு நிராகரிக்கப்படுவதைவிட அது நல்லது.

ஜிபியு (பல கணக்குகளை ஒரே நேரத்தில் செய்யும் கிராஃபிக்ஸ் செயலி) பற்றிச் சுருக்கமாக. அணிப் பெருக்கல், லாட்டிஸ் கணக்குகளுக்கு அது வரப்பிரசாதம். ஆனால் எந்தக் கார்டு என்று பாருங்கள். விளையாட்டுக்காக வந்த ஆர்டிஎக்ஸ் 3090-இல் இரட்டைத் துல்லிய வேகம் ஒற்றைத் துல்லிய வேகத்தில் 64-இல் ஒரு பங்குதான். ஆய்வு மையங்களுக்கான ஏ100-இல் அது பாதி. இயற்பியலில் நமக்கு வேண்டியது பெரும்பாலும் இரட்டைத் துல்லியம். எனவே துறைப் பணத்தில் கார்டு வாங்கும் முன் இந்த ஒரு எண்ணைப் பார்த்துவிடுங்கள். ஜிபியு நிரலாக்கம் கற்றுக்கொள்ள மட்டும் என்றால் கூகுள் கோலாபின் இலவச வசதி போதும், நீண்ட ரன்களுக்கு அதை நம்ப வேண்டாம்.

ஆறாம் படி: முடிவுகளைப் பத்திரப்படுத்துவது

நிரல் முழுவதும் முதல் நாளிலிருந்தே கிட்டில் (Git, மாற்றங்களைப் பதிப்பு பதிப்பாகச் சேமிக்கும் மென்பொருள்) இருக்க வேண்டும். ஒவ்வொரு வெளியீட்டுக் கோப்பின் தலையிலும் எந்தக் கிட் பதிப்பு, எந்தச் சீட், எந்த அளவுருக்கள், எந்த நோடு என்பதை நிரலே எழுதட்டும். "ஃபைனல்", "ஃபைனல் நியூ", "ஃபைனல் நியூ 2" என்று கோப்புறைகளுக்குப் பெயர் வைத்தால் ஒரு வருடம் கழித்து உங்களுக்கே புரியாது. கட்ட அளவு, வெப்பநிலை, தேதி என்று பெயரிலேயே வைத்துவிடுங்கள். ஸ்கிராட்சிலிருந்து வாரம் ஒரு முறை ஆர்சிங்க் (rsync) என்ற நகலெடுக்கும் நிரல் மூலம் வேறோர் இடத்துக்கு நகல் எடுங்கள். அந்த இடம் அதே அறையில் உள்ள இன்னொரு வட்டாக இருக்கக் கூடாது.

கட்டுரை எழுதும்போது எந்த இயந்திரத்தைப் பயன்படுத்தினீர்களோ அதன் பெயரை நன்றியுரையில் குறிப்பிடுங்கள். பல இடங்களில் அது நிபந்தனையாகவே இருக்கிறது. அடுத்த நிதி கேட்கும்போது துறை காட்டுவது அந்தக் கட்டுரைகளின் பட்டியலைத்தான். சிஸ்டம் அட்மினின் பெயரையும் சேருங்கள். ஞாயிற்றுக்கிழமை இரவில் வந்து வட்டு மாற்றிக் கொடுத்தவர் அவர்.

அப்புறம், நீங்கள் கிளம்பும் முன் ஹோமில் ஒரு சின்ன உரைக் கோப்பு விட்டுச் செல்லுங்கள். நிரலை எப்படித் தொகுப்பது, எந்த நூலகப் பதிப்பு வேண்டும், எந்தச் சோதனைக் கணக்குக்கு என்ன விடை வர வேண்டும், எத்தனை கோருக்கு மேல் வேகம் ஏறவில்லை. ஒரு பக்கம் போதும். உங்கள் இருக்கைக்கு அடுத்து வரும் தம்பியோ தங்கையோ முதல் வாரத்தில் அதைத்தான் திறப்பார்கள்.